மலைக்கு வந்த பழைய டீசல் வண்டி காலையில் கிளம்பவில்லையா? ஹீட்டர் பிளக் லைனைச் சோதிக்கும் முறை

கோயம்புத்தூரிலோ சேலத்திலோ ஒரு பழைய டீசல் பிக்கப்பை ஓட்டிப் பார்த்து வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவருகிறவர்கள் டிசம்பர் வந்ததும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். கீழே சாவியைத் தொட்டாலே கிளம்பிய வண்டி, இங்கே விடியற்காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கினாலும் கிளம்பவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் விற்றவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். சமவெளி வெயிலில், குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றிக் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக் செத்துக் கிடந்தாலும் இன்ஜின் சத்தமில்லாமல் கிளம்பிவிடும், அதனால் வருடக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில்தான் அந்தக் கோளாறு வெளியே வருகிறது. கேரட் மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக முடியாமல் நிற்பவருக்கு அது சின்ன விஷயமே இல்லை.

இதை நீங்களே சோதித்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், கொஞ்சம் பொறுமை போதும். அதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மீட்டர் சொல்வதும் புரியும்.

டீசல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை நசுக்குகிறது, நசுங்கும் காற்று சூடாகிறது (சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சங்கதிதான்), அந்தச் சூட்டில் நாசில் டீசலைத் தெளித்ததும் தானாகவே பற்றிக்கொள்கிறது. இன்ஜின் ஜில்லென்று இருந்தால் சுற்றியுள்ள இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நசுக்கக் கிடைக்கும் காற்றே கொஞ்சம், அந்தக் கொஞ்சக் காற்றின் சூட்டையும் குளிர்ந்த இரும்பு வாங்கிக்கொள்கிறது. அதனால் கீழே ஒன்றுக்குப் பாதி ஒழுங்காக இருந்தாலே ஓடிய வண்டிக்கு இங்கே எல்லாமே ஒழுங்காக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் இருக்கிறது, குளோ பிளக் என்றும் சொல்வார்கள். பென்சில் அளவு உலோகக் குச்சி, அதன் முனை எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் கொடுத்தால் முனை சில நொடிகளில் செக்கச்சிவந்து 800, 900 டிகிரி செல்சியஸைத் தொடும். ஐடிஐ எனப்படும் பழைய வகை இன்ஜின்களில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் பற்றி அப்புறம்தான் சிலிண்டருக்குள் வருகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை நிறைய இழுத்துவிடுவதால் இவற்றுக்கு ஹீட்டர் பிளக் கட்டாயம் வேண்டும். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, இந்த ஐடிஐ ரகம்தான், அதுவும் இரண்டே சிலிண்டர், ஒரு பிளக் போனால் பாதி இன்ஜின் போன மாதிரி. புதிய காமன் ரயில் இன்ஜின்கள் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் தெளிப்பவை) பிளக் இல்லாமலும் ஓரளவு குளிரைச் சமாளித்துவிடும், ஆனால் உதறும், புகைக்கும். பெரிய லாரிகள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே இருக்காது, சிலவற்றில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் மட்டும் இருக்கும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, கரண்ட் போகும் வழி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு தடித்த வயர், பெரிய ஃபியூஸ் ஒன்றின் வழியாக ரிலேவுக்கு, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்சுக்கு, வரும். ரிலேவிலிருந்து இன்னொரு தடித்த வயர் இன்ஜினுக்குப் போகும், அங்கே ஒரு உலோகப் பட்டை எல்லாப் பிளக்கின் தலைகளையும் ஒன்றாக இணைத்திருக்கும். பிளக்கின் உடம்பு சிலிண்டர் ஹெட்டில் திருகியிருப்பதால் அதுவே எர்த். ரிலேவை எப்போது போடுவது, எத்தனை நொடி போடுவது என்பதை ஒரு டைமரோ இசியூவோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தீர்மானிக்கிறது, அதற்கு இன்ஜின் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று சொல்வது கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) சென்சார். அவ்வளவுதான். பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பட்டை, பிளக், எர்த். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடுவதுதான் வேலையே.

டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையுமே, அதை நம்ப வேண்டாம். அது அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய வண்டிகளில் அது டைமர் சொல்லும் கணக்கு மட்டும்தான், நாலு பிளக்கும் செத்துப்போயிருந்தாலும் விளக்கு அழகாக எரிந்து நேரத்துக்கு அணையும். விளக்கே எரியவில்லை என்றால் அது ஒரு துப்பு, எரிகிறது என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மீட்டரை எடுப்பதற்கு முன் கோளாறு ஹீட்டர் பிளக் பக்கம்தானா என்று பாருங்கள், இதை வண்டியே சொல்லிவிடும். செல்ஃப் நல்ல வேகமாகச் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, கண் எரிகிற மாதிரி பச்சை டீசல் வாடை அடிக்கிறது, ரொம்ப நேரம் கழித்து ஒரு சிலிண்டர் பிடித்து அப்புறம் மற்றது பிடித்து உதறிக்கொண்டே ஓடுகிறது, சூடானதும் புகை நின்று நாள் முழுக்க ஒழுங்காக இருக்கிறது என்றால் ஹீட்டர் பிளக் லைன்மேல் சந்தேகப்படுவது சரி. அந்த வெள்ளைப் புகை பற்றாமல் வெளியே வரும் டீசல்தான். செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் முதலில் பேட்டரியையும் அதன் கேபிள்களையும் பாருங்கள், வேகமாகச் சுற்றாத இன்ஜினில் எந்தப் பிளக்கும் உதவாது. சுற்றுகிறது ஆனால் கொஞ்சம்கூடப் புகை இல்லை என்றால் டீசலே வந்து சேரவில்லை, லைனில் காற்றோ பம்பில் டீசலைத் திறந்து மூடும் சாலினாய்டோ காரணமாக இருக்கலாம். சூடாக இருக்கும்போதும் அடம்பிடித்தால் கம்ப்ரஷன் (காற்று நசுங்கும் அழுத்தம்), நாசில் அல்லது டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்). ஓடி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது, அது வேறு பெரிய வேலை.

இனி மீட்டர். சோதனையை இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் செய்ய வேண்டும். மத்தியானம் செய்தால் இன்ஜின் சூடு பார்த்து டைமர் ரிலேவைப் போடாமலே விட்டுவிடலாம், நல்ல லைனை நீங்கள் கெட்டது என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

முதலில் பேட்டரி. நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்து வரும் அளவு எதற்கும் அர்த்தம் இருக்காது. அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டு இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், செல்ஃப் வேண்டாம், ஆன் மட்டும். ரிலே 'டிக்' என்று அடித்து ஹெட்லைட் லேசாக மங்கினால் பிளக்குகள் கரண்ட் இழுக்கின்றன. 'டிக்' கேட்கிறது ஆனால் வெளிச்சம் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால், இழுக்க வேண்டியது இழுக்கவில்லை. மீட்டர் இல்லாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும் சோதனை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

அடுத்து மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை அந்த உலோகப் பட்டையிலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ரிலே வரை எல்லாம் சரி, பிளக்குகளைப் பார்க்கப் போகலாம். பூஜ்யம் வந்தால் கரண்ட் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது. ஏமாற்றுவது 7, 8, 9 என்று வருகிற அளவுதான். கரண்ட் வருகிறதே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் அவ்வளவு குறைந்த வோல்ட்டில் பிளக் சிவக்காது, வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான்.

இந்தக் குறைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு பிளக்கும் ஆரம்பத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், நாலு சேர்ந்தால் 40-க்கு மேல். வழியில் ஒரு டெர்மினலில் பச்சை பூத்து அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது 4 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். அதே இணைப்பை பட்டையைக் கழற்றிவிட்டு, அதாவது கரண்ட் ஓடாத நிலையில் அளந்தால் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும், எல்லாம் சரி என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆகவே லோடு இருக்கும்போது மட்டுமே அளவெடுங்கள். பிளக்குகள் மாட்டியபடி, ரிலே போட்டபடி.

9 வோல்ட் வருகிறது என்றால் அந்த மூன்று வோல்ட்டைத் தேடும் வழி இது. கறுப்பு முனையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு சிவப்பு முனையை பட்டையிலிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள்: ரிலேவின் வெளி டெர்மினல், உள் டெர்மினல், ஃபியூஸின் இரு பக்கம், பேட்டரி. பெரும்பாலான ரிலேக்களில் 30 என்று எழுதியிருப்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 பிளக்குக்குப் போவது, 85-ம் 86-ம் காந்தச் சுருளுக்கு. 30-ல் 11.5 இருந்து 87-ல் 9 இருந்தால் ரிலேவின் உள் முனைகள் தீய்ந்திருக்கின்றன, ரிலேவை மாற்ற வேண்டியதுதான். 30-லேயே 9 என்றால் அதற்கு முன்னால் ஃபியூஸோ டெர்மினலோ. நம் மலையில் மழையும் பனிமூட்டமும் மாதக்கணக்கில் இருப்பதால் ஃபியூஸ் பெட்டிக்குள் ஈரம் தங்கி இணைப்புகள் பச்சை பூப்பது சகஜம், எமரால்டு, அவலாஞ்சி பக்கம் ஓடும் வண்டிகளில் அதை முதலிலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது. எமரி பேப்பரால் தேய்த்து இறுக்கினாலே சில நேரம் வேலை முடிந்துவிடும்.

பூஜ்யம் வந்து ரிலே 'டிக்' என்றும் சொல்லவில்லை என்றால் 85, 86 இரண்டுக்கும் நடுவே சாவி போட்டதும் வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் அடிக்கவில்லை என்றால் ரிலே கெட்டது. வரவில்லை என்றால் டைமர் அல்லது இசியூ போடச் சொல்லவில்லை, அதற்குக் காரணம் டைமருக்கே சப்ளை இல்லாமல் இருக்கலாம், அல்லது சென்சார் இன்ஜின் சூடாக இருக்கிறது என்று பொய் சொல்லலாம். பழைய வண்டிகள் பலவற்றில் கூலன்ட் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றினால் டைமர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு ரிலேவைப் போடும், அப்படிப் போட்டால் சென்சார்தான் குற்றவாளி.

இப்போது பிளக்குகள். பட்டையைக் கழற்றிவிடுங்கள், கழற்றாமல் அளந்தால் எல்லாப் பிளக்கும் சேர்ந்து ஒரே அளவைத்தான் காட்டும். மீட்டரை 200 ஓமில் வைத்து முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 போல ஏதாவது காட்டும், அது மீட்டர் வயரின் தடை, கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் ஹெட்டின் சுத்தமான இரும்புக்கும் நடுவே அளந்தால் நல்ல பிளக் பொதுவாக அரை ஓம் முதல் 2 ஓம் வரை காட்டும். எண்ணைவிட எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம், மூன்று 0.8-ம் ஒன்று 4-ம் காட்டினால் அந்த நாலாவது சரியில்லை. மீட்டரில் ஓஎல் என்று வந்தால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மீட்டர் இல்லாதவர்கள் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து இன்னொன்றால் பிளக் தலையைத் தொடலாம், எரிந்தால் கம்பி அறுபடவில்லை. ஆனால் பலவீனமான பிளக்கை டெஸ்ட் லேம்ப் காட்டிக்கொடுக்காது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் பாருங்கள், வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், விலை குறைந்தவை பலவும் ஏசி மட்டும்தான் அளக்கும்.

புதிய காமன் ரயில் வண்டிகளில் பட்டை இல்லாமல் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி வயர் இருக்கலாம், கரண்டும் விட்டு விட்டு வரும், சாதாரண மீட்டர் குழப்பமான எண்ணைக் காட்டும். அங்கே இசியூ பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போடுவதே சுலபம்: பி0380 என்றால் ஹீட்டர் பிளக் சர்க்கியூட், பி0671-லிருந்து பி0674 வரை முறையே முதல் நாலு சிலிண்டர்கள். ஒன்று நினைவில் வையுங்கள், இந்த வகைகளில் 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகளும் உண்டு, அவற்றைப் பரிசோதிக்கிறேன் என்று நேராக 12 வோல்ட் பேட்டரியில் தொட்டால் அந்த நொடியே எரிந்துபோகும். பிளக்கின் உடம்பிலேயே வோல்ட் அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பழைய வண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், முன்னால் வைத்திருந்தவரின் கைவண்ணம். ஸ்டீயரிங்குக்குக் கீழே சம்பந்தமில்லாத ஒரு பட்டன் இருந்தால் அதன் வயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். டைமர் போனதும் அதைத் தேடாமல் பேட்டரியிலிருந்து பட்டன் வழியாக நேராகப் பிளக்குக்குக் கரண்ட் கொடுத்திருப்பார்கள், வயர் மெல்லிசாக இருக்கும், ஃபியூஸும் இருக்காது. 40 ஆம்பியர் போகும் இடத்தில் அது தீப்பிடிக்கிற ஏற்பாடு, தயவுசெய்து அப்படியே ஓட்டாதீர்கள். பட்டனை யார் எவ்வளவு நேரம் அழுத்துவார்கள் என்பதற்கும் கணக்கு கிடையாது, பிளக் அதிலேயே கருகும்.

பிளக் கெட்டது என்று உறுதியான பிறகு கழற்றுவதில் அவசரம் வேண்டாம். "நாலையும் மாத்திடலாம்ணே, அரை மணி நேர வேலை" என்று சொல்வார்கள், ஆனால் வருடக்கணக்கில் கரியேறி இறுகிய பிளக்கை குளிர்ந்த இன்ஜினில் முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்றுவதில் போய் முடியும். துருநீக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவையுங்கள், இன்ஜினை ஓட்டிச் சூடாக்குங்கள், கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்கி மறுபடி தளர்த்தி மெதுவாக எடுங்கள். எடுத்த பிளக்கின் முனையைக் கவனியுங்கள். முனை உருகியோ அரித்தோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசில் சொட்டுகிறதா, டைமிங் சரியா என்று பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். எல்லா முனையும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டு அணையாமல் இருந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஓடும் இன்ஜினில், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட் விடாமல் போனால் எந்தப் பிளக்கும் தாங்காது, இரவெல்லாம் பேட்டரி காலியாவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் பார்க்காமல் இறக்கத்தில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்தும், ஏர் ஃபில்டர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தும் குளிர்காலத்தை ஓட்டிவிடுகிறவர்கள் இங்கே உண்டு. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது, அந்த நிலையில் ஹட்டிகளின் (மலைக் கிராமங்களின்) குறுகலான இறக்கத்தில் லோடோடு உருட்டுவது உயிரோடு விளையாடுவது. ஸ்ப்ரே இன்னும் மோசம். ஹீட்டர் பிளக் ஒன்றாவது சிவந்திருக்கும்போது அந்த ஸ்ப்ரேயில் இருக்கும் ஈத்தர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும், பிஸ்டன் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம். பற்றாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலோடு கலப்பது வேறு இருக்கிறது.

வாங்கப்போகிறீர்கள் என்றால் வண்டியைப் பார்க்க அதிகாலையில் போங்கள், வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சமவெளியில் குளிர் இல்லாததால் ஸ்டார்ட் ஆவதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பட்டையில் வரும் வோல்ட்டையும் பிளக்குகளின் ஓமையும் அங்கேயே அளந்துவிடலாம், பத்து நிமிட வேலை.

புதுப் பிளக் போட்ட பிறகு பட்டையின் நட்டுகளைச் சுத்தம் செய்து அளவாக இறுக்கி, மறுநாள் காலை அதே லோடு சோதனையை மறுபடி செய்யுங்கள். இன்ஜின் ஓடி நன்றாகச் சூடான பின் பட்டையில் வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், சாவியை எடுத்த பிறகும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ரிலேவை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.